சாரப் – ஜான்ஸ்கர்: ராஃப்ட் துணையில்லாமல் ஏழு நாள் கயாக் (படகு, சுமை, நீர்மட்டம், மீட்பு)

#1 மடுவு88
செப்டம்பர் முதல் வாரம் நாலு பேர் லடாக் கிளம்புகிறோம். மணாலி – லே சாலையில் உள்ள சர்ச்சுவில் இறங்கி சாரப் ஆற்றில் பதும் வரை, அங்கிருந்து ஜான்ஸ்கர் ஆற்றில் நிம்மு வரை. சாமான் ஏற்ற ராஃப்ட் (காற்றடைத்த பெரிய ரப்பர் படகு) எங்களோடு வராது. ஏழு நாள் சாப்பாடு, படுக்கை எல்லாம் கயாக்குக்குள்தான். நாலு பேருக்கும் நாலாம் வகுப்பு நீரில் (ஆறு வரை போகும் கடின அளவில் நாலு) ரோல், அதாவது கவிழ்ந்த படகை உட்கார்ந்தபடியே நிமிர்த்துவது, வரும்; கேரளாவில் கோடஞ்சேரிப் பக்கம் மழைக்கால ஆறுகளில் பழக்கம். எந்த நீளப் படகு? எத்தனை கிலோ வரை ஏற்றலாம்? நீர்மட்டத்தை எப்படிக் கணிப்பது? கையில் அளவுமானி விவரம் எதுவும் இல்லை. ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது?

#2 கரைக்கல்
தம்பி, படகை அப்புறம் பார்க்கலாம். முதலில் உயரம். மணாலி 2,050 மீட்டர், சர்ச்சு ஏறத்தாழ 4,290. ஒரே நாளில் காரில் ஏறி அங்கே படுத்தால் மறுநாள் தலைவலியும் வாந்தியுமாக ஆற்றில் இறங்குவீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. மணாலி – சர்ச்சு பாதையில் அதை அப்படியே கடைப்பிடிக்க முடியாது, இடையில் தங்க இடம் குறைவு. ஜிஸ்பாவில் (3,200 வாக்கில்) குறைந்தது இரண்டு இரவு தங்கி, பகலில் மேலே நடந்து ஏறி இறங்குங்கள். இன்னும் நல்ல வழி, லேவுக்கு வந்து நாலைந்து நாள் இருந்து பழகிவிட்டு, அந்தப் பக்கமிருந்து சர்ச்சுவுக்கு வருவது. அசெட்டசோலமைடு 125 மி.கி. காலை, மாலை எடுக்கிறவர்கள் உண்டு. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கூடாது, மருத்துவரைக் கேட்காமலும் கூடாது.

இந்த ஆற்றில் இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், சர்ச்சுவிலிருந்து புர்னே வரை பள்ளத்தாக்குக்குள் சாலை கிடையாது. உயர நோய் வந்தால் உடனே கீழே இறக்க வேண்டும். அங்கே கீழே போக ஒரே வழி ஆறு. தலை சுற்றுகிறவனைக் கயாக்கில் உட்காரவைத்து நாலாம் வகுப்பு நீரில் இறக்க முடியுமா?

இன்னொன்று. சர்ச்சுவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். கோடஞ்சேரியில் முதல் ரோல் தவறினாலும் நிதானமாக இரண்டாவது, மூன்றாவது முயற்சி செய்யும் மூச்சு, இங்கே முதல் முயற்சியிலேயே தீர்ந்துவிடும். சுமை ஏற்றிய படகில், உலர் உடை போட்டுக்கொண்டு, முதல் முயற்சியிலேயே எழும்புகிற ரோல் வேண்டும். ஊரிலேயே 15 கிலோ தண்ணீர்ப் புட்டிகளைப் படகில் கட்டிவைத்துப் பழகுங்கள்.

#3 சுழிக்காற்று
படகு: 9 அடி கிரீக் படகு (செங்குத்தாக இறங்கும் குறுகிய ஆறுகளுக்கான கயாக்), 300 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு. என் கட்சி இதுதான். 10 முதல் 12 அடி கிராஸ்ஓவர் படகுகளில் (வேகநீருக்கும் சமநீருக்கும் பொதுவானவை) பின்னால் மூடியறை இருக்கும், பொருள் வைக்க வசதி, பதுமுக்குக் கீழே அகலமான சமவெளியில் வேகமாகவும் போகும். ஆனால் சாரப் இடுக்குகளில் எடியை (பாறைக்குப் பின்னால் நீர் திரும்பிச் சுழலும், படகு நிற்கக்கூடிய இடம்) பிடிக்கத் திரும்ப நேரமாகும். அந்த மூடியறையும் முழுக்க நீர் புகாதது அல்ல, உள்ளே வைப்பது எல்லாம் உலர்பையில்தான் இருக்க வேண்டும்.

வாங்கும்போது பலரும் தவறுகிற இடம்: தயாரிப்பாளர் போடும் எடை வரம்பை உடம்பு எடையோடு மட்டும் ஒப்பிடுவது. 75 கிலோ ஆள், மேலே போட்டிருக்கும் உடை, ஹெல்மெட், மிதவை உடுப்பு 8 கிலோ, உள்ளே சுமை 16 கிலோ. ஆக 99. நூறு கிலோ ஆளுக்கான அளவைத்தான் எடுக்க வேண்டும்.

#4 பரிசல்
சுழிக்காற்று சொன்ன 16 கிலோ சரியான கணக்கு. ஒரு ஆளுக்குப் பிரித்தால்: தூக்கப்பையும் பாயும் 1.8, மாற்றுடை 1.5, உணவு நாளுக்கு 650 கிராம் வீதம் 4.5, அடுப்பு, பாத்திரத்தில் பங்கு 1, எரிபொருளில் பங்கு 0.5, மீட்புக் கயிறு, பழுதுக்கருவி பங்கு 2.5, மருந்து 0.5, குடிநீர் 2, தார்ப்பாயில் பங்கு 0.7, விளக்கு, பவர்பேங்க், கேமரா 1. கூடாரத்தைச் சேர்த்தால் 18-ஐத் தொடும். 18-க்கு மேல் போனால் படகு படகாக இருக்காது, கட்டுமரமாகிவிடும். எதையாவது விட்டுவிட்டு வாருங்கள். மாற்றுடையைக் குறைக்கலாம், தூக்கப்பையைக் குறைக்காதீர்கள்.

வெறும் படகு 22 கிலோ, சுமையோடு 38. போர்ட்டேஜ் (ஓட்ட முடியாத இடத்தைப் படகோடு கரையில் நடந்து கடப்பது) என்றால் கரைப் பாறைகள் மேல் அதைத் தோளில் தூக்கிப் போக முடியாது. இரண்டு நடையாகப் போக வேண்டும், அல்லது இரண்டு பேர் ஒரு படகு. ஒரு போர்ட்டேஜுக்கு ஒன்றரை மணி நேரம் என்று திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த நேரத்தை ஒதுக்காத குழுதான் மாலை நாலு மணிக்கு “பரவாயில்லை, ஓட்டிவிடலாம்” என்று முடிவெடுக்கும்.

#5 மடுவு88
சுமையை எங்கே வைப்பது அண்ணே? முன்பக்கமா பின்பக்கமா?

#6 பரிசல்
கனமானது (உணவு, எரிபொருள், மீட்பு இரும்பு) இருக்கைக்கு ஒட்டிப் பின்னால், நடுத்தூணின் இரு பக்கமும் சம எடையில். தூக்கப்பை மாதிரி லேசானது வால் நுனியில். கூம்பு வடிவில் தைத்த வால்பைகள் இரண்டு கிடைக்கும். அவற்றைக் கட்டிய பிறகு மிஞ்சும் காற்றை ஊதி நிரப்பினால் மிதவைப் பையாகவும் ஆகும். எல்லாவற்றையும் பின்னால் தள்ளினால் மூக்கு தூக்கும். ஒவ்வொரு எடி கோட்டிலும் (எடியும் ஓட்டமும் சந்திக்கும் எல்லை) வால் அமுங்கி, படகு செங்குத்தாக எழுந்து மல்லாக்க விழும். சரிசெய்ய இருக்கையை இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்துங்கள், அல்லது கால்பலகைக்கு முன்னால் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ லேசான சாமான் வையுங்கள். காலுக்கு நடுவில் எறிகயிற்றுப் பை, தண்ணீர்ப் புட்டி தவிர எதுவும் கூடாது. வெளியேறும்போது கால் மாட்டும்.

படகுக்குள் காலி இடம் விடாதீர்கள். ஆள் வெளியேறிய 300 லிட்டர் படகில் பை எதுவும் இல்லாவிட்டால் 200 கிலோவுக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும், அதை எந்த மனிதனும் கரைக்கு இழுக்க முடியாது. சாமான் பைகள் ஒவ்வொன்றையும் கேரபினரில் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) கோத்துப் பூட்டுங்கள். படகு கிடைத்து, பை போனால் அன்றிரவு தூக்கப்பை இல்லை.

#7 அவல்பொரி
சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே! 4,300 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, அரிசி நடுவில் கல்லாக நிற்கும், எரிபொருள்தான் காலி. கெட்டி அவல், வறுத்த ரவை, சத்துமாவு, பொடித்த கடலை மிட்டாய். அவல் ஊறினாலே போதும், அடுப்பு கெட்டாலும் பட்டினி இல்லை. இரவுக்கு மட்டும் ஒரு சூடான சூப், நூடுல்ஸ்.

அடுப்பு பெட்ரோல் அடுப்பாக இருக்கட்டும். ஆளுக்கு நாளைக்கு 70 மி.லி., நாலு பேருக்கு ஏழு நாளைக்கு 2 லிட்டர், இரண்டு புட்டியில் இரண்டு படகில். பெட்ரோலை தாண்டியில் நிரப்புங்கள். அடுத்த பங்க் 365 கி.மீ. என்று பலகை வைத்திருப்பார்களே, அதே இடம். விமானத்தில் வருகிறவர்கள் அடுப்பைச் சுத்தமாகக் கழுவி, வாசனை போகக் காயவைத்து எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.

குடிநீர்: ஆறு சாம்பல் நிறத்தில் வண்டலோடு ஓடும். வடிகட்டியில் நேரே ஊற்றினால் இரண்டு நாளில் அடைத்துக்கொள்ளும். ராத்திரியே பாத்திரத்தில் எடுத்து படிகாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள், விடியும்போது தெளிந்திருக்கும், மேல்நீரை மட்டும் வடிகட்டியில் ஊற்றுங்கள். தேத்தாங்கொட்டை வைத்திருந்தால் அதுவும் சரி, இங்கே யாருக்கு அது கிடைக்கப்போகிறது! பக்க ஓடை தெளிவாக இருந்தால் அதுவே முதல் தேர்வு.

#8 சுழிக்காற்று
நீர்மட்டத்துக்கு வருகிறேன். இது பனியும் பனியாறும் உருகி வரும் ஆறு. ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சம். செப்டம்பரில் குறையும், குளிர் கூடும். உங்கள் தேதி நல்ல தேதி.

அளவுமானி இல்லாத இடத்தில் கணக்கு போடலாம். நேராக, சமமாக ஓடும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அகலத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எறிகயிற்றால் சரிபார்க்கவும், ஆழத்தைத் துடுப்பால் சில இடங்களில் தொட்டுப் பார்க்கவும், வேகத்துக்கு ஒரு குச்சியை விட்டு 20 மீட்டரைக் கடக்கும் விநாடியை எண்ணவும். அகலம் 30 மீட்டர், சராசரி ஆழம் 1.5, வேகம் விநாடிக்கு 2 மீட்டர் என்றால் பெருக்கல் 90. மேல்நீர் அடிநீரைவிட வேகம், அதனால் 0.85-ஆல் பெருக்க, 76 கனமீட்டர். மேட்டூர் செய்தி கேட்டுப் பழகிய காதுக்குச் சொன்னால் விநாடிக்கு 2,700 கன அடி. துல்லியம் கிடையாது, ஆனால் நேற்றைக்கு இன்று எவ்வளவு கூடியது என்று சொல்லும். குழு முழுக்க ஒரே ஆள் ஒரே முறையில் அளக்க வேண்டும்.

“பனி உருகும் ஆறு, விடியற்காலையில் குறைவாக இருக்கும், சீக்கிரம் கிளம்பு” என்று எல்லோரும் சொல்வார்கள். பனியாற்றுக்குப் பக்கத்தில் அது சரி. தூரம் போகப் போகச் சரியில்லை. மதியம் 3 மணிக்கு உருகிய நீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 7 கி.மீ. வீதம் வந்தால், 50 கி.மீ. கீழே உங்கள் முகாமுக்கு இரவு பத்து மணிக்கு வரும். 100 கி.மீ. கீழே விடியற்காலை ஐந்து. அங்கே காலைதான் உச்சம், மதியம்தான் வடிகிறது. ஆகவே ஒவ்வொரு முகாமிலும் நீர்விளிம்பில் கல் வரிசை வைத்து, மாலை 6, இரவு 9, காலை 5, காலை 7 என்று பார்த்து எழுதுங்கள். இரண்டு இரவில் ஆற்றின் நாடி பிடிபடும். முகாம் நீர்மட்டத்திலிருந்து செங்குத்தாகக் குறைந்தது 2 மீட்டர் மேலே, படகுகளும் அங்கேதான், கட்டியபடி.

#9 கரைக்கல்
இதோடு ஒன்று சேர்க்கிறேன். நீர் திடீரென்று குறைந்தால் மகிழாதீர்கள். மழையும் இல்லை, குளிரும் கூடவில்லை, ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு முழம் இறங்கிவிட்டது என்றால், மேலே எங்கோ மண்சரிவு ஆற்றை அடைத்திருக்கலாம். உடனே படகைக் கரையேற்றி உயரமான இடத்துக்குப் போங்கள், கரையோர மணல்திட்டில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். நீர் திடீரென்று செம்மண் நிறமாகி மரக்குச்சிகள் மிதந்து வந்தாலும் இதேதான்.

உங்கள் ஆற்றிலேயே நடந்தது: 2014 டிசம்பர் 31 அன்று புக்தல் மடத்துக்கு மேலே சரிவு விழுந்து சாரப்பை அடைத்தது. பின்னால் ஏரி நின்று, 2015 மே 7 அன்று உடைத்துக்கொண்டு போனது. கீழே பாலங்களை அடித்துச் சென்றது. அதனால் 2015-க்கு முந்தைய ஆற்றுக் குறிப்புகளில் புக்தலுக்குக் கீழே எழுதியிருக்கும் “இடது கரை ஒட்டி எளிய பாதை” எதையும் நம்பாதீர்கள். ஜான்ஸ்கர் இடுக்கிலும் சாலை போடும்போது வெடித்த பாறைகள் சில இடங்களில் ஆற்றுக்குள் கிடக்கும். கூர்முனைப் பாறை, ஆறு உருட்டிய உருண்டைக்கல் அல்ல. இடுக்கில் சல்லடை போல நீரை மட்டும் விட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

#10 மடுவு88
அப்போது எல்லா இடத்திலும் இறங்கிப் பார்த்தால் ஏழு நாளில் முடியுமா அக்கா?

#11 கரைக்கல்
எல்லா இடத்திலும் வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து அடுத்த எடி கண்ணுக்குத் தெரிந்தால், அங்கே நிற்க முடியும் என்று தெரிந்தால், படகிலிருந்தபடியே போகலாம். தெரியவில்லை என்றால் இறங்கு. ஆறு கண்ணெதிரே ஒரு கோடாக முடிந்து அதற்கப்பால் நீர்த்திவலை மட்டும் எழும்பினால், கேள்வியே இல்லை, இறங்கு.

பார்க்கும்போது கீழிருந்து மேலே பாருங்கள். ஓட்டம் எங்கே முடிகிறது, ஆள் விழுந்தால் எங்கே கரையேறுவான், அதற்குக் கீழே என்ன இருக்கிறது. இது மூன்றும் சரியாக இருந்தால்தான் மேலே எந்தப் பாதை என்று யோசிக்க வேண்டும். ஹோல் (பாறைக்குக் கீழே நீர் பின்னோக்கிச் சுருண்டு படகைப் பிடித்துக்கொள்ளும் இடம்) ஒன்றைப் பார்த்தால் இரு ஓரங்களும் ஆற்றின் போக்கில் கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் ஓரமாக நகர்ந்து வெளியே வரலாம். ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து நடுவில் கூடினால், அது ஆளை நடுவுக்கே திருப்பி அனுப்பும். கரையிலிருந்து கரைக்கு ஒரே நேர்கோடாகச் சீராக இருப்பது எல்லாவற்றையும்விட மோசம். நுரை இரண்டு மீட்டருக்கு மேல் பின்னோக்கி ஓடி வந்தால் சுமை ஏற்றிய படகு அதைத் தாண்டாது, நடந்து போங்கள்.

#12 துடுப்பு_எண்_4
இங்கே போர்ட்டேஜ் பற்றி ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். நாலாம் வகுப்பு ஓட்டுகிறவர்கள் ஜான்ஸ்கரை மூன்றாம் வகுப்பு என்றுதான் சொல்வார்கள்.

#13 சுழிக்காற்று
வகுப்பு எண் நீருக்கு மட்டும் போடுவது. சாலையிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் நாலாம் வகுப்பும், உதவி வர மூன்று நாளாகும் நாலாம் வகுப்பும் ஒன்றல்ல. தனித்த ஆற்றில் ஒரு வகுப்பு கூட்டிக்கொள்வதுதான் வழக்கம். ஜான்ஸ்கர் இடுக்கு பெரும்பாலும் மூன்று என்பது சரி, சாரப் அப்படியல்ல.

ஆளின் திறமை மட்டும் போதும் என்றால் 1998-ல் திபெத்தின் யார்லுங் சாங்போ ஆற்றுக்குப் போன அமெரிக்கக் குழுவுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஆண்டு மழை மிகுந்து ஆறு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஓடியது. அக்டோபரில் டக் கார்டன் அதில் இறந்தார், அவர் முன்னாள் தேசிய அணி வீரர். 2002-ல் ஸ்காட் லிண்ட்கிரன் தலைமையில் ஏழு பேர் அதே ஆற்றின் மேல் இடுக்கில் இறங்கியது பிப்ரவரியில், ஆறு மிகக் குறைவாக இருக்கும்போது. அருவிகள் இருக்கும் பகுதியை ஆற்றில் முயலவே இல்லை, படகுகளோடு செச்சென் லா கணவாய் ஏறிக் கடந்தார்கள். மாதத்தைத் தேர்ந்தெடுத்ததும் முடியாத இடத்தை நடந்தே கடந்ததும்தான் அந்தப் பயணம்.

#14 கயிறு
மீட்புக் கருவி. நாலு பேருக்கு:
ஆளுக்கு ஒரு எறிகயிற்றுப் பை, 20 மீட்டர், மிதக்கும் கயிறு, 9 முதல் 10 மி.மீ. (20 மீட்டர் என்றாலும் எறிவது 15 தூரம்தான் போகும்). ஆளுக்கு ஒரு கத்தி, விசில். கயிறு இருக்கும் இடத்தில் கத்தி இல்லாமல் கை வைக்காதீர்கள். விரைவு விடுப்புப் பட்டையுள்ள மிதவை உடுப்பு குறைந்தது இரண்டு பேருக்கு. பாறையில் ஒட்டிச் சிக்கிய படகை இழுத்தெடுக்க ஒரு தொகுப்பு, ஆனால் இரண்டு படகில் பாதி பாதியாக: இழுபடாத 25 மீட்டர் கயிறு, கப்பி 2, 6 மி.மீ. புரூசிக் வளையம் (பெரிய கயிற்றை இறுகப் பிடிக்கும் முடிச்சுக் கயிறு) 2, பூட்டுக் கேரபினர் 4, 5 மீட்டர் பட்டைக்கயிறு. மடக்கு அரம்பம் ஒன்று.

எறியும் ஆள் ஆபத்துக்கு நேரே நிற்கக் கூடாது, கொஞ்சம் கீழே நிற்க வேண்டும், அவருக்கும் கீழே இரண்டாவது ஆள். நீந்துகிறவர் மல்லாந்து, கயிற்றைத் தோளுக்கு மேலாகப் பிடித்து, கையில் சுற்றாமல். முதல் எறி தவறினால் கயிற்றைப் பையில் திணித்துக்கொண்டிருக்காதீர்கள்; இரண்டு மூன்று சுருள் சுருட்டி, பையில் பாதி தண்ணீர் மொண்டு, அந்த எடையில் எறியுங்கள். ஓடும் நீரில் முழங்காலுக்கு மேல் ஆழத்தில் எழுந்து நிற்கவே கூடாது, பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் நீர் ஆளை மடக்கி அமுக்கிவிடும்.

படகு பாறையில் ஒட்டிக்கொண்டால் உடனே கப்பி கட்டத் தாவாதீர்கள். முதலில் கையால், வேறு வேறு கோணத்தில். பிறகு கயிற்றைக் கட்டி இறுக்கி, நடுவில் செங்குத்தாக இழுங்கள். ஒரு ஆள் எடையிலேயே நல்ல விசை வரும். அதுவும் ஆகாவிட்டால்தான் மூன்றுக்கு ஒன்று இழுவை (கப்பி வைத்து இழுவிசையை மூன்று மடங்காக்குவது). கப்பி இல்லாமல் கேரபினரிலேயே போட்டால் உராய்வில் பாதி போய் இரண்டுக்கு ஒன்றுகூட வராது. யாரும் கயிற்றுக்கு நேர்ப் பின்னால் நிற்க வேண்டாம், படகின் கைப்பிடி பிய்ந்தால் கேரபினர் குண்டு மாதிரி வரும்.

#15 அவல்பொரி
சைகைகளைக் கரையிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். துடுப்பு செங்குத்து: வா. கிடைமட்டம்: நில். விசில் ஒன்று: இங்கே பார். மூன்று: ஆபத்து. எப்போதும் போகவேண்டிய பக்கத்தைக் காட்டுவது, ஆபத்து இருக்கும் பக்கத்தைக் காட்டவே கூடாது.

#16 மடுவு88
குளிருக்கு? செமி டிரை மேலுடை, நியோப்ரீன் கால்சட்டை இருக்கிறது. போதுமா?

#17 கரைக்கல்
போதாது. ரோல் போடும் வரைதான் அது. நீந்தினால் இடுப்பு வழியாகத் தண்ணீர் ஏறும். நீர் 10 டிகிரிக்குக் கீழே. முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அதை அடக்க வேண்டும். அதன்பின் கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். விரல் விறைத்தால் எறிகயிற்றை நீங்கள் பிடித்தாலும் அது நழுவிவிடும். முழு டிரைசூட் (உடல் முழுக்க நீர் புகாத உலர் உடை), உள்ளே இரண்டு அடுக்கு ஃபிளீஸ், துடுப்பில் மாட்டும் கையுறை. கழுத்து லேடெக்ஸ் வளையம் கிழிந்தால் எல்லாம் வீண். மாற்று வளையமும் ஒட்டுபசையும் பழுதுப்பையில் இருக்க வேண்டும். கிளம்பும் முன் வெயிலில் இழுத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அப்போதே மாற்றுங்கள்.

#18 பரிசல்
பழுதுப்பையில் மேலும்: நாலு துண்டாகும் துடுப்பு இரண்டு (நாலு பேருக்கு ஒன்று போதாது), இருக்கை போல்ட், நட்டு, திருப்புளி, கனமான துணி டேப், தார் பூசிய அலுமினியத் தாள் டேப். மொட்டை மாடி ஒழுகலுக்கு ஹார்டுவேர் கடையில் விற்கிறார்களே அதேதான். பிளாஸ்டிக் கீறினால் கீறலின் இரு நுனியிலும் கத்தி முனையால் சின்ன ஓட்டை போடுங்கள், கீறல் அதோடு நிற்கும். பிறகு நன்றாகத் துடைத்து, அடுப்பின் மேல் தூரமாகப் பிடித்து ஈரம் போகச் சூடாக்கி, டேப்பை வெளியே ஒட்டி, கரண்டியின் பின்பக்கத்தைச் சூடாக்கி அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டினால் அடுத்த பாறையில் உரிந்து வரும்.

#19 மடுவு88
கடைசிக் கேள்வி பாக்கி. சாட்டிலைட் போன், அல்லது செய்தி அனுப்பும் சின்னக் கருவி எடுத்து வரலாமா?

#20 கயிறு
அனுமதி இல்லாமல் கூடாது. இந்தியாவில் துராயா, இரிடியம் போன்கள் மட்டுமல்ல, இன்ரீச் மாதிரிக் கருவிகளும் தொலைத்தொடர்புத் துறை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள்.

ஆகவே காகிதத் திட்டம். ஊரில் பொறுப்பான ஒருவரிடம் நாள்வாரி முகாம் இடம், நாலு பேர் இரத்த வகை, படகு நிறம், பதுமில் பேச வேண்டிய கடைசி நாளும் நேரமும். அந்த நேரம் தாண்டி 24 மணி நேரம் ஆனால் யாரை அழைப்பது என்று எண்ணோடு எழுதிக் கொடுங்கள். சர்ச்சு முகாமிலும் ஒரு நகல் கொடுத்துவிட்டு இறங்குங்கள். பதுமில் செல்பேசி வேலை செய்யும், ஆனால் நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். நாலு பேரும் ஒரே நிறுவனமாக இருக்க வேண்டாம்.

#21 சுழிக்காற்று
மடுவு, ஒரு யோசனை. நாலு பேரில் யாரும் ஒரு வாரம் ஆற்றிலேயே இருந்ததில்லை என்றால் முதலில் நேபாளத்தில் சுன் கோசி. தோலால்காட் தொடங்கி சத்ரா வரை 270 கி.மீ., அக்டோபர் கடைசி, ராஃப்ட் துணையோடு. பெரிய நீர், வெதுவெதுப்பு, இறங்கி மூச்சு வாங்க மணல் கரை. அடுத்த ஆண்டு தாமூர்: மூன்று நாள் சுமைகூலிகளோடு நடந்து இறங்கும் ஆறு. மூன்றாவதாக சாரப்.

#22 மடுவு88
சுன் கோசியை மூன்று பேர் முடித்துவிட்டார்கள், நான்காவது ஆள்தான் இல்லை. அவரைப் பதுமில் சேர்த்துக்கொண்டு, சாரப்பை மூன்று பேராகப் போனால்?

#23 கரைக்கல்
மூன்று குறைந்தபட்சம். ஒருவர் நீரில், ஒருவர் கயிற்றில், ஒருவர் படகைத் துரத்த. அவ்வளவுதான் ஆள், ஒருவருக்குத் தோள் கழன்றால் மிச்சம் இரண்டு. மூன்றாகப் போவதானால் நாலாம் வகுப்பு இடங்கள் எல்லாவற்றையும் நடந்தே கடப்பது என்று இப்போதே முடிவு செய்து, சாரப்புக்கு மட்டும் இரண்டு நாள் கூட்டி, உணவைத் திரும்பக் கணக்கிடுங்கள். ஆளுக்கு 1.3 கிலோ கூடும். பொதுச் சாமானை மூன்றாகப் பிரித்தால் இன்னும் ஒன்றரை. 18-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

#24 மடுவு88
18.9 வருகிறது. கேமராவை எடுத்துவிட்டேன்.

#25 பரிசல்
பவர்பேங்கையும் ஒன்றாக்குங்கள். நாலாவது நாள் முதல் சுமை குறையும், அதுவரை மூக்கு தூக்கும். முதல் நாள் இருக்கையை முன்னால் நகர்த்த மறக்காதீர்கள்.